கடல் நடுவே ஒரு வெள்ளிமலை

(வெள்ளிமலையில் நிகழ்ந்த பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கல்வராயன் மலையின் மேலே கூடியிருக்கும் ஓர் அவையில் கடற்பயணம் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் எழுதல் இயல்பே. இங்கிருந்து கடல் நெடுந்தொலைவு. மலையடிவாரத்துக் கோமுகி அணையில் தேங்கும் நீரே இவ்வட்டாரத்தார் நாளும் காணும் பெருநீர். ஆயினும் இவ்வூரின் பெயரே கடலுக்கு வழி காட்டுகிறது. வெள்ளிமலை என்பது கயிலைக்குத் தமிழ் இட்ட பெயர். பனி போர்த்த வடமலையைக் கண்ணால் காணாதவர்களும் அப்பெயரைத் தம் ஊர் மலைகளுக்கு இட்டு மகிழ்ந்தனர். கோவைப் பக்கத்து வெள்ளியங்கிரியும் அவ்வகையினதே. அத்தகைய கயிலை ஒன்று கடல் நடுவே, ஒரு தீவின் குகைக்குள் கல்லில் நிற்கிறது. மும்பையிலிருந்து படகேறிச் சென்று பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம். அத்தீவின் பழம்பெயர் காராபுரி. உலகம் அறிந்த பெயர் எலிபெண்டா.

கடற்குகை என்றதும் அலை அரித்துக் குடைந்த பொந்துகளே பலர் நினைவுக்கு வரும். பாறையில் மென்மையான அடுக்கு எங்கிருக்கிறதோ, விரிசல் எங்கிருக்கிறதோ அங்கே அலை புகுந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மோதி மோதிக் குடைவது அது. காராபுரிக் குகைகள் அவ்வகையின அல்ல. எரிமலைக் குழம்பு உறைந்து இறுகிய தக்காணக் கரும்பாறையை மனிதர் உளியால் குடைந்தவை அவை. அலையின் வேலைக்கு நோக்கமில்லை, இதற்கு உண்டு. அதனால்தான் அலை செய்த குகையில் நின்று வியக்கிறோம். இதில் நின்றால் யார் செய்தார் என்று கேட்கத் தோன்றுகிறது. அக்கேள்விக்கு இன்றுவரை நேரான விடை இல்லை. இவ்வுரையின் பொருளும் அதுவே.

பயணம் எளிது. 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்திறங்கியதன் நினைவாகத் தொடங்கி 1924இல் முடிக்கப்பெற்ற இந்திய நுழைவாயில் வளைவுக்கு அருகிலிருந்து படகுகள் புறப்படுகின்றன. தொலைவு ஏறத்தாழ 10 கிலோமீட்டர். ஒரு மணி நேரம் ஆகும். திங்கட்கிழமைகளில் குகை திறப்பதில்லை. அதை அறியாது வந்து ஏமாந்து நிற்போர் என்றும் உண்டு. மேல்தட்டில் அமர்வோருக்குக் கடற்பறவைகள் துணை வரும். நங்கூரமிட்ட எண்ணெய்க் கப்பல்களும் கடற்படைக் கப்பல்களும் இருபுறமும் நகரும். அழகான கடல் என்று இதைச் சொல்ல முடியாது. பெருந்துறைமுகத்தின் கலங்கிய நீர். எனினும் கரையின் மாளிகைகள் சிறுத்துப் புகைமூட்டத்தில் மறைய, எதிரே இரட்டைக் குன்றுகளுடன் பசிய தீவு எழுந்து வரும் அந்தச் சில நிமிடங்களுக்காகவே படகேறலாம்.

இக்கடலை விளையாட்டாக எண்ணுதலும் ஆகாது. 2024 டிசம்பர் 18ஆம் நாள், நூற்றுக்கும் மேற்பட்டோருடன் இத்தீவுக்குச் சென்றுகொண்டிருந்த பயணிகள் படகின் மீது, இயந்திரச் சோதனையில் இருந்த கடற்படை விசைப்படகு ஒன்று மோதியது. பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உல்லாசமாக ஒரு நாளைக் கழிக்கப் புறப்பட்ட குடும்பங்கள் அவை. அதன்பின் மிதவைச் சட்டை அணிவதில் கண்டிப்பு வந்தது. முன்பே வந்திருக்க வேண்டிய கண்டிப்பு.

துறையில் இறங்கினால் நீண்ட பாலம். அதில் சிறுவர்க்கு உவப்பான சிறு ரயில் ஒன்று ஓடுகிறது. பிறகு 120 படிகள். படியின் இருமருங்கும் கடைகள், மேலே துணிப்பந்தல். ஏற இயலாதவர்களை நாற்காலியில் அமர்த்தி நால்வர் தோளில் சுமந்து செல்வர். கல்வராயன் மலையில் சாலை எட்டாத சிற்றூர்களிலிருந்து நோயாளியைத் தூளி கட்டிச் சுமந்து இறங்கும் மக்களுக்கு அக்காட்சி வேறொரு பொருள் தரும். அங்கே அது ஒரு வசதி.

படி முடியுமிடத்தில் பெருங்குகையின் வாயில். வெளியின் கடும் வெயிலிலிருந்து உள்ளே கால் வைத்தவருக்கு முதலில் ஒன்றும் தெரியாது. வடக்கு, கிழக்கு, மேற்கு என மூன்று பக்கங்களிலும் திறப்பு இருந்தும், நடுப்பகுதி அரையிருளில் கிடக்கிறது. வரிசை வரிசையான தூண்கள் முதலில் துலங்கும். பிறகு அவற்றின் முடிவில், தென்சுவரில், இருளே உருவெடுத்தது போல மூன்று முகங்கள் மெல்ல எழும். மூன்று ஆள் உயரமுள்ள மார்பளவு வடிவம். நடுமுகம் மூடிய விழிகளுடன் அமைதியில் ஆழ்ந்தது. ஒருபுறம் சினமும் பாம்பும். மறுபுறம் தாமரை ஏந்திய பெண்மை. திரிமூர்த்தி என மக்கள் வழங்குவது இது. அறிஞர் பலர் இதனைச் சதாசிவ வடிவம் என்பர். ஐம்முகங்களில் காண வாய்த்தவை மூன்று என்பது அவர்கள் கருத்து. இதன் ஒருபக்கம் மாதொரு பாகன், மறுபக்கம் கங்கையைச் சடையில் ஏற்றவன். தமிழ்ப் பக்திப் பாடல்களில் தோய்ந்த ஒருவர் இக்குகையில் எந்தச் சுவரின் முன் நின்றாலும் அந்நியராக உணரமாட்டார். திருமணக் கோலம், ஆடற்கோலம், யோகக் கோலம், அந்தகனை அழித்த கோலம் என யாவும் அங்குண்டு.

கிழக்குப் பக்கத்தில், ஒன்றையொன்று எதிர்நோக்கும் இரண்டு சிற்பத் தொகுதிகளின் முன் வெள்ளிமலையார் சற்று நீடித்து நிற்றல் தகும். ஒன்றில் கயிலையில் இறைவனும் உமையும் வீற்றிருக்கின்றனர். சூதாட்டத்தில் ஊடிய காட்சி என்பர். மற்றொன்றில் அதே மலையை அடியிலிருந்து இராவணன் அசைக்கிறான். தலைகளும் கைகள் பலவும் சிதைந்துவிட்டன. ஆயினும் சுமையும் முனைப்பும் சிதையவில்லை. மேலே இறைவனிடத்தில் பதற்றமே இல்லை. கால்விரல் அழுந்த, மலை இறங்குகிறது. நசுங்கியவன் பாடித் தப்பினான் என்பது கதை. தன் நரம்பையே யாழ்நரம்பாக்கிப் பாடினான் என்றும் மரபு கூறும். திருஞானசம்பந்தர் பெரும்பாலான பதிகங்களின் எட்டாம் பாட்டில் இந்நிகழ்ச்சியை வைத்தது தற்செயல் அன்று. திருநாவுக்கரசரும் பதிகத்தின் முடிவில் இதனைப் பலகால் பாடினார். தண்டனையைப் பாடியதாக மட்டும் அதனைக் கொள்ளுதல் குறையாகும். மலைக்கடியில் சிக்கிய ஒருவனுக்குப் பாட்டு ஒன்றே வழியாயிற்று என்பதைப் பாவலர்கள் கவனித்தல் வேண்டும்.

இக்கதை தேவாரத்துக்கு முன்பே தமிழில் உண்டு. கலித்தொகையின் 38ஆம் பாட்டு, கபிலர் பாடியதாக மரபு கூறும் குறிஞ்சிக்கலியில் உள்ளது. பூத்த வேங்கை மரத்தைப் புலியென்று எண்ணிய மதயானை ஒன்று சினந்து கொம்பால் குத்துகிறது. கொம்பு மரத்தில் சிக்கிக்கொள்கிறது. பிடுங்க முடியாமல், மலைப்பிளப்பெல்லாம் எதிரொலிக்க அது பிளிறுகிறது. அந்த யானைக்கு உவமையாக வருபவன், மலையை எடுக்கப் புகுந்து கையை எடுக்க முடியாமல் வருந்திய அரக்கர்கோன். தோழி தலைவனிடம் திருமணத்தை வற்புறுத்தும் அகப்பாட்டு அது. புராணம் அங்கே உவமை மட்டுமே. பாட்டின் உயிர் குறிஞ்சி நிலத்தின் யானையும் வேங்கையும். கயிலையை வடக்கிலிருந்து இறக்குமதி செய்யாமல், கண்முன் நின்ற மலையின் யானையைக் கொண்டு விளங்கவைத்த புலவனின் துணிவு பெரிது. உளி கொண்டவன் கல்லில் செய்ததைக் கபிலர் ஓர் உவமையில் முடித்துவிட்டார்.

யானையைப் பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை. எலிபெண்டா என்னும் பெயரே போர்த்துகீசியர் இட்டது. 1534இல் பசீன் உடன்படிக்கையின் வழி இத்தீவு அவர்கள் கைக்கு வந்தது. இறங்குதுறையின் அருகே நின்ற பெரிய கல்யானையைக் கண்டு யானைத்தீவு என்றனர். 1864இல் ஆங்கிலேயர் அக்கல்யானையைத் தம் நாட்டுக்குக் கொண்டுபோக முயன்றனர். பளு தாங்காது தூக்குப்பொறி கைவிட, யானை விழுந்து துண்டு துண்டாயிற்று. துண்டுகள் மும்பைப் பூங்காவில் பல்லாண்டு கிடந்து, 1914இல் மீண்டும் பொருத்தப்பெற்றன. பைக்குலாவில் உள்ள பாவு தாஜி லாட் அருங்காட்சியகத்தின் முன் இன்று நிற்கிறது அந்த யானை. தீவில் அதன் பெயர் இருக்கிறது, அது இல்லை.

இதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. குகையில் ஒரு கல்வெட்டு இருந்தது. போர்த்துகீசிய வரலாற்றாசிரியர் தியோகோ தோ கூட்டோ அதனைக் குறித்துள்ளார். அக்கல்லைப் பெயர்த்துத் தம் மன்னர் மூன்றாம் ஜோவானுக்கு அனுப்பினர், படிக்க வல்லார் எவரும் அங்குக் கிடைக்கவில்லை, கல்லும் தொலைந்தது. கட்டிய மன்னன் யார், எந்த ஆண்டு, யாருக்காக என்பன யாவும் அக்கல்லோடு போயின. தீவில் கிடைத்த கிருஷ்ணராஜன் காசுகளையும் சிற்ப அமைதியையும் கொண்டு, கலசூரியர் காலத்தில், 6ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் குடையப்பெற்றிருக்கலாம் என அறிஞர் கணிக்கின்றனர். கணிப்பு கணிப்பே. சிற்பியின் பெயரோ அக்கல்லிலும் இருந்திருக்கும் என்று நம்ப இடமில்லை.

இங்கே ஒப்பிட்டுக் காண இரண்டு எழுத்துகள் உள. ஒன்று, 634ஆம் ஆண்டின் ஐகொளெ கல்வெட்டு. மேலைக்கடலின் திருமகளெனத் திகழ்ந்த புரி என்னும் நகரை, மதயானைகள் போன்ற நூற்றுக்கணக்கான மரக்கலங்களால் இரண்டாம் புலிகேசி முற்றுகையிட்டான் என்று அது பாடுகிறது. அப்புரியே காராபுரி என்பார் உளர்; மறுப்பாரும் உளர். பாடியவன் இரவிகீர்த்தி. காளிதாசனுக்கும் பாரவிக்கும் நிகரான புகழுடையவன் தான் என்று அக்கல்லிலேயே வெட்டி வைத்தவன். அடக்கம் குறைவுதான், ஆனாலும் அவன் பெயர் பிழைத்தது.

மற்றொன்று இங்கிருந்து மிகத் தொலைவில் இல்லை. விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில், அதே புலிகேசியோடு பொருத மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக்கோயில். செங்கல் இன்றி, மரமின்றி, உலோகமின்றி, சுதையின்றி நான்முகன், ஈசன், திருமால் ஆகியோர்க்கு விசித்திரசித்தன் எடுத்த கோயில் என்று அதன் வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது. அங்கே மன்னன் பெயர் உண்டு. கருவறைகள் மூன்றும் வெறுமையாக உள்ளன. காராபுரியில் சுவர் நிறைந்த உருவங்கள் உண்டு, பெயர் இல்லை. இரண்டையும் ஓராண்டில் கண்டுவர வாய்ப்புடையோர் காண வேண்டும். மும்பைக்குச் செல்லப் பொருள் இல்லாதோர் மண்டகப்பட்டுக்காவது செல்ல வேண்டும். அங்கு நுழைவோர் தொகை இன்றும் குறைவே.

எழுதப்பெறாத பாட்டின் கதியும் இதுவே. கல்வராயன் மலையில் வாழும் மலையாளி மக்கள் தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தனர் என்று வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். அச்செய்திக்குக் கல்வெட்டு இல்லை, நாவே கல்வெட்டு. விதைக்கும்போதும், தினை காக்கும்போதும், சாவு வீட்டிலும் அவர்கள் பாடுவனவற்றுள் எத்தனை எழுத்தில் ஏறியுள்ளன? பாடத் தெரிந்த முதியவர் ஒருவர் மறையும்போது, போர்ச்சுகலுக்கு அனுப்பப்பெற்ற கல்லைப் போல ஒன்று மலையிலிருந்து இறங்கிப் போகிறது. வேறுபாடு இதுதான்: அக்கல்லை எடுத்துச் சென்றவர்க்கு அதைப் படிக்கத் தெரியவில்லை, இப்பாட்டைப் புரிந்துகொள்ளக் கூடியவர்கள் மலையடிவாரத்திலேயே இருக்கிறார்கள். பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடிக் கவிதை படிக்கும் ஒரு வட்டம், ஆண்டில் இரண்டு கூட்டங்களையாவது மலையூர்களில் பாட்டுக் கேட்பதற்கென ஒதுக்கலாம். பாடியவர் பெயரையும் ஊரையும் ஏட்டின் தலைப்பிலேயே எழுதலாம். திருத்தாமல் எழுதலாம். யாப்பு அறிந்தவர்க்குத் திருத்தாதிருத்தல் கடினமான தவம், ஆயினும் செய்யத்தக்கது.

காராபுரிக்கு 1987இல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்னும் சிறப்பைத் தந்தது யுனெஸ்கோ. அத்தீவில் ராஜ்பந்தர், மோராபந்தர், சேத்பந்தர் என மூன்று சிற்றூர்கள் உள. உலகமே வந்து காணும் குகையின் அடியில் வாழும் அம்மக்களுக்கு, கடலடிக் கம்பி வழியே நிலையான மின்சாரம் கிடைத்தது 2018இல்தான். அதுவரை மாலையில் சில மணி நேரம் ஓடும் மின்னாக்கியே துணை. எதிர்க்கரையில் மும்பையின் விளக்கொளி இரவெல்லாம் தெரிந்துகொண்டிருக்க, இக்கரையில் அவர்கள் இருளில் இருந்தனர். மலைமேலிருந்து கள்ளக்குறிச்சியின் விளக்குகளைப் பார்த்து வளர்ந்தவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

மாலை 5 மணிக்குமேல் கடைகள் மூடத் தொடங்குகின்றன. சுமைநாற்காலிகளைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சுமப்போர் கூலியை எண்ணுகின்றனர். குகையின் காவலர் மேற்கு வாயிலில் நின்று குரல் கொடுக்கிறார். உள்ளே அது தூண்தோறும் மோதித் திரும்புகிறது. கடைசிப் படகுக்கு ஓடுவோர் படியில் இறங்குகின்றனர். சாயும் வெயில் ஒரு சிறு பொழுது குகைக்குள் புகுந்து தூண்களின் அடியைத் தொட்டு அகல்கிறது. படகு நகர்ந்தபின் தீவில் ஊரார் மட்டுமே எஞ்சுகின்றனர்.