சில்லறைச் சந்தோஷங்கள்

(தலைப்பு: வெளிநாட்டு வாழ்க்கையில் மகிழ்ச்சி தருபவை பெரிய வசதிகளா? சின்னச் சின்னச் சந்தோஷங்களா? 'சின்னச் சின்னச் சந்தோஷங்களே' என்ற அணியில், விருதுநகர் மேடையில் ஆற்றிய உரை)

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய நடுவர் அவர்களே! எதிரே உட்கார்ந்து என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் அருமை நண்பர்களே! பொழுது சாய்ந்த பிறகும் சூடு தணியாத இந்தக் கரிசல் மண்ணில், வீட்டு வேலையை எல்லாம் முடித்துவிட்டு வந்து அமர்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே! 

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் ஒரு பெரிய பட்டியலே போட்டார். அகலமான சாலை, குழாயைத் திறந்தால் அப்படியே குடிக்கிற தண்ணீர், நேரம் தவறாத ரயில், கை நிறையச் சம்பளம். "ஐயா, வெளிநாட்டில் மனுஷனுக்குச் சந்தோஷமே இதுதான். சின்னச் சந்தோஷம் என்பதெல்லாம் கவிஞர்கள் கட்டிவிட்ட கதை" என்று முடித்தார். நீங்களும் கைதட்டினீங்க. நானும் தட்டினேன். நல்லாப் பேசினார், தட்டணும். அதுக்காக ஒத்துக்கிட்டோம்னு அர்த்தமில்லை! (சிரிப்பு)

நடுவர் அவர்களே, வசதி வேறு, சந்தோஷம் வேறு. வீட்டிலே புதுசா ஏ.சி. மாட்டுறோம். முதல் நாள் குடும்பமே அந்த ஒரே அறையில் படுக்குது. இரண்டாம் நாள் ரிமோட்டுக்குச் சண்டை. மூணாம் மாசம் கரண்ட் பில்லுக்குச் சண்டை. அதுக்கப்புறம் அது ஓடுவதே யாருக்கும் தெரியாது, நின்னாத்தான் தெரியும். வசதியின் குணம் அது. இருக்கும்போது தெரியாது, இல்லாதபோதுதான் தெரியும். சந்தோஷம் அப்படியா? "வந்துட்டேன்"னு சொல்லிக்கிட்டே வரும்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். சாத்தூர்ப் பக்கம். என்னிடம் பி.ஏ. தமிழ் படித்தவன். சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறான். பட்டிமன்றத்துக்காக நான் அங்கே போயிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலைக்கு என்னைப் பார்க்க வந்தான். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போய்ப் பார்க்கணும். நம்ம பங்குனிப் பொங்கல் கூட்டம் மாதிரி, வேலைக்கு வந்த நம் பிள்ளைகள் தெருவெல்லாம் நிற்பார்கள்.

"தம்பி, இந்த ஊர்ல உனக்கு முதல்ல எதுப்பா பிடிச்சுது?"ன்னு கேட்டேன். உயரமான கட்டடத்தைக் காட்டுவான் என்று பார்த்தேன். பையில் கையை விட்டு ஒரு டாலர் நாணயத்தை எடுத்தான்.

"ஐயா, வந்த முதல் நாள் டீ குடிச்சேன். நோட்டைக் கொடுத்தேன், மீதிச் சில்லறை கொடுத்தாங்க. சரியா இருக்கான்னு பார்த்தா, காசுல தமிழ்ல 'சிங்கப்பூர்'னு எழுதியிருக்கு. தமிழ் படிச்சு என்னடா பண்ணப்போறேன்னு ஊர்ல அத்தனை பேரும் கேட்டாங்க. கடல் தாண்டி வந்தா காசுலயே தமிழ் இருக்குய்யா!" (கைதட்டல்)

மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என்று அங்கே நான்கு ஆட்சி மொழிகள். அது அரசாங்க விஷயம், பெரிய விஷயம். ஆனால் அது அந்தப் பையனுக்குச் சந்தோஷமாக வந்து சேர்ந்தது ஒரு டீக்கடைச் சில்லறையில்!

எதிரணி அம்மையார் சிரிக்கிறார்கள். "நம்ம ரூபாய் நோட்டுலயும் தமிழ் இருக்கே" என்று கேட்கப் போகிறார்கள். இருக்கு தாயே, இருக்கு. நோட்டுக்குப் பின்பக்கம் வரிசையா எத்தனையோ மொழிகள், அதுல நம்ம தமிழும் இருக்கு. எத்தனை பேர் எடுத்துப் படிச்சிருக்கோம்? நூறா ஐந்நூறான்னு பார்த்ததோட சரி! ஊரில் இருக்கும்போது கண்ணுக்கு எதிரே இருப்பது கண்ணில் படாது. அந்நிய மண்ணுக்குப் போனால்தான் அந்தக் கண் திறக்கும்.

இப்போது பரோட்டாவுக்கு வருகிறேன். விருதுநகருக்கு வந்து பரோட்டாவைப் பேசாமல் போனால் என்னைச் சும்மா விடுவீங்களா? சிங்கப்பூரில் அதற்கு 'ரொட்டி பிராட்டா' என்று பெயர். மலேசியாவுக்குப் போனால் 'ரொட்டி சானாய்'. நம்ம பையன் முதல்முறை கடையில் உட்கார்ந்திருக்கிறான். எதிரே ஒரு சீனப் பெரியவர். பிராட்டாவைப் பிய்த்து, சர்க்கரையில் தொட்டுச் சாப்பிடுகிறார். எண்ணெய் பரோட்டாவை நொறுக்கிப் போட்டு, சால்னாவை மேலே ஊற்றி, குளமாக்கிச் சாப்பிட்ட பரம்பரை நம்ம பரம்பரை. பையனுக்கு எப்படி இருந்திருக்கும்? ஏதோ கல்யாண வீட்டில் பாயசத்தில் ரசம் ஊற்றினதைப் பார்த்த மாதிரி பார்த்திருக்கிறான்! (சிரிப்பு)

அந்தப் பெரியவர் என்ன செய்தார் தெரியுமா? சர்க்கரைத் தட்டை மெல்ல இவன் பக்கம் நகர்த்தினார். இவனுக்குச் சீனம் தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. தொட்டுச் சாப்பிட்டான். "எப்படி?"ன்னு அவர் புருவத்தைத் தூக்கினார். இவன் தலையாட்டினான். அப்புறம் வாராவாரம் அதே மேஜைதான். நடுவர் அவர்களே, எந்த எட்டு வழிச் சாலை இந்த இரண்டு பேரையும் ஒரு மேஜையில் சேர்த்து வைக்கும்?

அங்கே 'தே தாரிக்' என்று ஒரு டீ. மலாயில் தாரிக் என்றால் இழுப்பது. நம்ம மாஸ்டர் கையை மேலே தூக்கி ஆத்துறாரே, அதேதான். 'தே ஓ கோசோங்' என்று கேட்டால் பாலும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. கோசோங் என்றால் காலி என்று பொருள். வீட்டுக்குப் பணம் அனுப்பிவிட்டு நம்ம பையன் பர்ஸைத் திறந்து பார்த்து, "ஐயா, கோசோங்!" என்கிறான். (சிரிப்பு) சிரிக்கிறீங்க. அவனும் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். அந்தச் சிரிப்பில்தான் அடுத்த மாதத்தை ஓட்டுகிறான்.

எதிரணியில் இன்னொரு நண்பர் ஒரு குண்டு போட்டார். "சிவகாசி எப்படி வந்தது? 1922-ல் ப. அய்யநாடாரும் அ. சண்முகநாடாரும் கல்கத்தா போனார்கள். தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு 1923-ல் திரும்பினார்கள். பெரிய தொழிலைக் கொண்டு வந்ததால்தானே இந்த வட்டாரம் பிழைத்தது?" என்றார். அந்தப் பெரியவர்களை வணங்குகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். கல்கத்தாவில் அன்று எத்தனை பெரிசு இருந்தது! விக்டோரியா நினைவு மண்டபத்தை 1921-ல்தான் திறந்திருந்தார்கள். அதையா தூக்கிட்டு வந்தாங்க? அவர்கள் கொண்டு வந்தது, விரல் நீளம்கூட இல்லாத தீக்குச்சி! பெரிசைப் பார்த்து வாயைப் பிளக்கிறவன் வாயோடு திரும்புவான். சின்னதைக் கவனிக்கிறவன்தான் ஊருக்கு ஏதாவது கொண்டு வருவான். (பலத்த கைதட்டல்)

இதைவிடப் பெரிய சாட்சி பர்மா. நம் மக்கள் பர்மாவில் கடை வைத்தார்கள், வட்டிக்கடை நடத்தினார்கள், வயல் வாங்கினார்கள், வீடு கட்டினார்கள். 1942-ல் ஜப்பான் படை வந்தது. ரங்கூனை விட்டு, காடும் மலையும் கடந்து கால்நடையாக நடந்து வந்தார்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். மிஞ்சியவர்களுக்கு, 1962-ல் நே வின் ஆட்சி வந்த பிறகு அடுத்த அடி. கடைகளை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. வெறுங்கையோடு கப்பலேறிச் சென்னைக்கு வந்தார்கள். பெரிய வசதி அத்தனையும் அங்கேயே நின்றுபோனது. எது கூட வந்தது? சென்னையில் கடற்கரை ரயில் நிலையத்துப் பக்கம் போய்ப் பாருங்கள். அத்தோவும் மொய்ங்காவும் விற்கிறார்கள். இழந்த ஊரை ஒரு கிண்ணத்தில் வைத்துச் சாப்பிடுகிறார்கள்.

அவ்வளவு தூரம் எதுக்கு? இந்த விருதுநகரில் பரோட்டா சாப்பிட வெளியூர்க்காரன் வந்தால் எந்தக் கடைக்கு வழி சொல்றீங்க? பர்மா கடைக்கு! பர்மா என்கிற நாடே தன் பெயரை 1989-ல் மியான்மர் என்று மாற்றிக்கொண்டது. நம்ம ஊர் பரோட்டாக் கடை மாற்றிக்கொள்ளவில்லையே! (சிரிப்பு)

தமிழ் வாத்தியார் இலக்கியம் பேசாமல் போகலாமா? கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவைக் காட்டுகிறார். கடல் தாண்டி வந்து குவிந்த பொருள்களைச் சொல்லும்போது, ஈழத்திலிருந்து உணவு வந்து கிடந்தது என்கிறார். அப்போதே சாப்பாடு கப்பலேறியிருக்கிறது பாருங்கள்!

சரி, தீபாவளிக்கு வருவோம். சிங்கப்பூரில் தீபாவளிக்குப் பொது விடுமுறை. தெருவெல்லாம் விளக்கு அலங்காரம். ஆனால் வெடி வெடிக்க முடியாது. 1972-லேயே தடை போட்டுவிட்டார்கள். சிவகாசி வட்டாரத்துப் பிள்ளைக்கு வெடி இல்லாத தீபாவளி! ஆனாலும் நான் தங்கியிருந்த அடுக்குமாடியில், வீட்டுக்கார அம்மா காலையில் எழுந்ததும் முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுச் சீனப் பாட்டியிடம் போகிறார். சீனப் புத்தாண்டுக்கு அந்தப் பாட்டி இரண்டு ஆரஞ்சுப் பழத்தோடு இங்கே வருவாராம். இரண்டு வாங்கினால், பதிலுக்கு இரண்டு கொடுக்கணும். அதுதான் மரபு. நம்ம ஊர் மொய் மாதிரிதான். ஆனா நோட்டுல எழுதுறதில்லை! (சிரிப்பு)

ஜப்பானில் வேலை பார்க்கும் சிவகாசி நண்பர் ஒருவர் இன்னொன்று சொன்னார். அங்கே கோடைகாலத்து இரவில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து 'சென்கோ ஹனாபி' என்று ஒன்றைக் கொளுத்துவார்களாம். ஹனாபி என்றால் நெருப்புப் பூ. நாம் மத்தாப்பூ என்கிறோமே, அதேதான்! காகிதத்தை முறுக்கிய சின்னத் திரி. நுனியில் குன்றிமணி அளவுக்கு ஒரு நெருப்பு முத்துத் திரளும். அதிலிருந்து பொறி பூக்கும். கை கொஞ்சம் ஆடினால் முத்து விழுந்துவிடும். யாருடையது கடைசி வரை நிற்கிறது என்பதுதான் போட்டி. சத்தமே கிடையாது.

அந்த நண்பர் சொன்னார்: "சார், பத்தாயிரம் வாலாச் சரத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தச் சின்னத் திரியை ஆடாமல் பிடிச்சுக்கிட்டு இருந்தப்பத்தான், எங்க ஊர்ல ஒவ்வொரு வெடிக்கும் திரி வைக்கிற கைகளை நினைச்சேன்."

அந்தக் கைகளில் ஒன்று, நான் சொன்ன சாத்தூர்ப் பையனுடைய தாயின் கை. இந்த வட்டாரத்தில் 'பயராபீஸ்' என்பீர்களே, அங்கே வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அலுமினியப் பவுடர் ஒட்டி, கை வெள்ளி பூசின மாதிரி இருக்குமாம். தீபாவளியன்று காலை ஆறு மணிக்கு அந்த அம்மா மகனுக்குப் போன் போடுவார். அங்கே மணி எட்டரை. போனை வாசலில் நீட்டிப் பிடித்துக்கொண்டு, "கேக்குதாடா? இது எங்க ஆபீஸ் சரம்டா!" என்பார். அவன் விடுதியில் கட்டிலில் உட்கார்ந்து கேட்பான். சாத்தூர்க் காராச்சேவு பொட்டலத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு, பக்கத்துக் கட்டில் வங்கதேசத்துப் பையனும் சேர்ந்து கேட்பான்.

நடுவர் அவர்களே, இதைச் சிரிப்பாகச் சொல்ல என்னால் முடியவில்லை. 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தை இந்த மாவட்டம் மறக்குமா? ஏறத்தாழ 40 உயிர்கள். அதற்குப் பின்னும் விபத்துகள் நிற்கவில்லை. 'சிவகாசி அருகே வெடி விபத்து' என்று ஒரு வரிச் செய்தி செல்போனில் வரும். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற இந்த மண்ணின் பிள்ளைகள் கை நடுங்க வீட்டு நம்பரை அழுத்துவார்கள். "ரிங் போகுதே, அந்த நேரம் இருக்கே ஐயா..." என்று நிறுத்திக்கொண்டான் அந்தப் பையன். பிறகு சொன்னான்: "அம்மா எடுத்து, 'என்னடா இந்நேரத்துல, சாப்பிட்டியா?'ன்னு கேக்கும். போதும்யா. அன்னைக்கு எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

எதிரணி நண்பர் குறித்துக்கொள்கிறார். "போன் என்பதே வசதிதானே?" என்று கேட்பார். ஆமாம் ஐயா. போன் வசதி. 'சாப்பிட்டியா' சந்தோஷம்! (நீண்ட கைதட்டல்) ஊரில் இருந்தபோது அதே கேள்விக்கு, "சும்மா இரும்மா, தினமும் இதையே கேட்டுக்கிட்டு" என்று எரிந்து விழுந்த பிள்ளைதான் அவன்.

தாய்மார்களே, உங்கள் பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால் ஒன்று செய்யுங்கள். இந்த வாரம் போன் பேசும்போது, "எப்ப பணம் அனுப்புவே?" என்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். "இன்னைக்கு என்னடா சாப்பிட்டே? யாரோட சாப்பிட்டே? புதுசா என்ன பார்த்தே?" என்று கேளுங்கள். சர்க்கரை தொட்ட பரோட்டாவைச் சொல்வான், சீனப் பாட்டியின் ஆரஞ்சைச் சொல்வான். அவன் அங்கே வேலைதான் பார்க்கிறானா, இல்லை வாழ்கிறானா என்பது அப்போதுதான் உங்களுக்குத் தெரியும். எங்கள் பிள்ளைகளை அங்கே உயிரோடு வைத்திருப்பவை அந்தச் சில்லறைச் சந்தோஷங்கள்தான் என்று சொல்லி, நல்ல தீர்ப்பு தருமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.