வேண்டுதலும் தொண்டும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



“கோவிலும் நோன்பும் பெண்டிர்க்கு, நமக்கு வேலை இருக்கிறது” என்று நம் குடியிருப்பில் ஆடவர் நகைப்பது வழக்கம். பெண்களுக்குப் பக்தி மிகுதி என்பது மெய்தான். அமெரிக்காவின் பியூ ஆய்வு நிலையம் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட உலகக் கணக்கில், சமயச் சார்புடையோர் பெண்களில் நூற்றுக்கு 83.4, ஆண்களில் 79.9. ஆனால் பேதைமையே இதற்குக் காரணம் என்பதை நாம் ஒப்புவதற்கில்லை.

இந்நகரின் பழஞ்செய்தி ஒன்று உண்டு. 1898ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பெங்களூரில் பிளேக் நோய் புகுந்தது. ஹூப்ளியிலிருந்து இரயில் வழியே வந்தது என்பர். (இரயில்வே உத்தியோகஸ்தராகிய நமக்கு இதில் பெருமை இல்லை!) எலியின் தெள்ளுப்பூச்சியே நோயைப் பரப்புகிறது என்று பிரெஞ்சு மருத்துவர் சைமோன் கராச்சியில் கண்டதும் அதே ஆண்டுதான், உலகம் அதனை ஏற்கவோ பல ஆண்டுகள் சென்றன. எலி செத்து விழுந்தால் அடுத்து விழுவது யார் என்று தெரியாத காலம் அது. மக்கள் மாரியம்மனுக்கே பிளேக்கின் பெயரைச் சூட்டி வணங்கினர். பிளேக் மாரியம்மன் கோவில்களை இங்கும் கோயம்புத்தூரிலும் இன்றும் காணலாம். மருந்தறியாத நோயாளியின் தலைமாட்டை விட்டு எழ இயலாதவளுக்கு வேண்டுதலன்றி வேறு என்ன இருந்தது?

ஆடவர் மட்டும் விலக்கா? லாரிச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பவர் யார்? மாலையணிந்து சபரிமலைக்கு நடப்பவர் யார்? டிரோபிரியாண்டுத் தீவின் மீனவர் அமைதியான கழியில் மந்திரம் ஓதவில்லை. ஆழ்கடலுக்குச் செல்லும்போதே ஓதினர் என்று மாலினோவ்ஸ்கி எழுதினார். நிச்சயமின்மை எங்கே உள்ளதோ அங்கே கைகள் குவிகின்றன. இல்லத்தின் நிச்சயமின்மையைப் பெரும்பாலும் பெண்களிடமே நாம் ஒப்படைத்துவிட்டோம்.

தொண்டிலும் இவ்வாறே. கிணற்றில் விழுந்தவனைக் குதித்து மீட்கும் ஆடவனை ஊர் மாலையிட்டுப் போற்றுகிறது; போற்றத்தான் வேண்டும். ஆயினும் 2019 முதல் 2023 வரை நம் நாட்டில் உயிருடன் இருக்கையிலேயே உறுப்பு ஈந்தவருள் நூற்றுக்கு ஏறத்தாழ 64 பேர் பெண்கள். உறுப்புப் பெற்றவருள் ஏறத்தாழ 70 பேர் ஆண்கள். அன்பினால் ஈந்தவர் பலர். “அவர் சம்பாதிக்க வேண்டியவர்” என்ற ஒரு சொல்லுக்காக ஈந்தவரும் இருப்பர் என்றே நமக்குத் தோன்றுகிறது. அவர்களுக்கு மாலை இட்டவர் யார்?

ஆகவே சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். குடியிருப்பில் எவரேனும் மருத்துவமனையில் கிடக்கும்போது இரவில் துணையிருக்க, வரும் மாதம் முதல் ஆடவர் பெயர்களாலேயே ஒரு முறைப்பட்டியல் வகுக்க வேண்டுகிறோம். முதல் இரவுக்கு நமது பெயரை எழுதிக்கொள்ளலாம்.