காதா, கண்ணா?

வஹகோட்டை புனித அந்தோனியார் திருவிழாவில் ஒலிபெருக்கி முழங்கும்போது, எந்த அம்பிளிபயர் இனிமையானது என்று வாதிடுவார்கள். தீர்ப்பளிப்பது காதா, கண்ணா?

1978இல் இங்கிலாந்தின் குவாட் நிறுவனம் தனது பழைய வால்வுக் கருவியையும் இரு டிரான்சிஸ்டர் கருவிகளையும் பெயர் மறைத்து ஒலிக்கவிட்டது. கேட்டவர்கள் தேர்ந்தவர்கள், ஆயினும் எது எதுவெனப் பிரித்தறிய முடியவில்லை. இத்தகைய சோதனைக்கு ஒலியளவைச் சமப்படுத்துவது அவசியம். சற்றே உரத்து ஒலிப்பதை நமது காது இனிமையென்று கொள்ளும். சக்திக்கு மீறி முடுக்கினால்தான் வலுக்குறைந்த கருவி கரகரத்துத் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

கவிதைக்கும் இச்சோதனை வேண்டும். கவிஞர் பெயரை மறைத்து வாசித்துப் பாருங்கள். பரிசு பெற்ற பெயருக்குத் தலையாட்டும் நாம், பெயரறியா இளைஞனின் நல்ல வரியைக் கேளாமலே தள்ளிவிடுகிறோம்.