கூட விளையாடியவர்கள் இல்லாத வயது



90 வயதைத் தாண்டியவர்களைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். 60, 70 வயதுக்காரர்களை இதில் சேர்க்கவில்லை. அவர்களுக்கு இன்னும் சம்பந்தி இருக்கிறார், கூட வேலை பார்த்தவர் இருக்கிறார், காலையில் டீக்கடையில் பேப்பரைப் பங்கு போட்டுப் படிக்க நாலு பேர் இருக்கிறார்கள். நான் சொல்வது அதையும் கடந்து போனவர்களை. 93, 96, 100 என்று வாழ்கிறார்களே, அவர்களை.

அந்த வயதில் கண், காது, முட்டி எல்லாவற்றிலும் குறை வந்துவிடும். அதற்கு வைத்தியர்கள் இருக்கிறார்கள். வைத்தியம் இல்லாத குறை ஒன்று உண்டு. அவர்களைச் சிறுபிள்ளையாகப் பார்த்தவர்கள் யாருமே உயிரோடு இருப்பதில்லை. பாவாடை கட்டிக்கொண்டு பல்லாங்குழி ஆடியதையும், குளத்தில் மூழ்கப் போனதையும், கல்யாணத்தன்று அழுததையும் 'ஆமாம், நானும் பார்த்தேன்' என்று சொல்ல ஓர் ஆள் இல்லை.

என் அப்பாயியின் அக்கா, நாங்கள் பெரியப்பாயி என்போம், 97 வயது வரை இருந்தார். கொள்ளிடக் கரையோரம் ஊர். அவருக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சிநேகிதி. இருவரும் ஒரே வருஷம் அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். சந்தித்தால் வாடி, போடிதான். 90 வயதில் இரண்டு கிழவிகள் ஒருவரையொருவர் 'ஏண்டி' என்று கூப்பிட்டு, வெற்றிலைப் பையைப் பிடுங்கிக்கொள்வதைப் பார்க்கிற பாக்கியம் எங்களுக்கு இருந்தது. அந்தச் சிநேகிதி இறந்த அன்று பெரியப்பாயியைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனோம். மாரடிக்கவில்லை, ஒப்பாரி வைக்கவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்து, "என்னை இனிமே யாரு ஏண்டிம்பா?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

அதன் பிறகு ஊருக்கெல்லாம் அவர் அப்பாயி, ஆத்தா, பாட்டி, கொள்ளுப்பாட்டி. எல்லாம் மரியாதையான பேர்கள்தான். ஆனால் அவருடைய சொந்தப் பேர் புழக்கத்தில் இல்லாமல் போய்விட்டது. உதவித்தொகை வாங்கக் கூட்டிக்கொண்டு போன இடத்தில் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் திரும்பவில்லை. காது கேட்காமல் இல்லை. அந்தப் பேரில் தன்னைக் கூப்பிடுவார்கள் என்ற எண்ணமே விட்டுப்போயிருந்தது.

அவரிடம் வயது கேட்டால் எண் சொல்ல மாட்டார். "வெள்ளத்து வருஷம்" என்பார். 1924, ஆடி மாதம். காவிரியிலும் கொள்ளிடத்திலும் அதுவரை கண்டிராத பெருவெள்ளம். இன்று மேட்டூர் அணை இருக்கும் இடத்தில் விநாடிக்கு நாலரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் போனது என்று கணக்கு இருக்கிறது. அணை அப்போது இல்லை. அடுத்த வருஷம்தான் வேலையே தொடங்கியது, 1934இல் முடிந்தது. பெரியப்பாயியின் வயதுக் கணக்கு முழுவதும் இப்படித் தண்ணீரிலும் காற்றிலும்தான் ஓடும். மேட்டூர் அணை முடிந்தபோது அவருக்குப் பத்து வயது. 1952 புயலில் இரண்டாவது பிள்ளை கைக்குழந்தை. 1977 நாகப்பட்டினம் புயலில் மூத்த பேரன் பிறந்திருந்தான். கஜா புயல் 2018இல் வந்தபோது, "இதையும் பாத்தாச்சு" என்றார்.

ஜாதகக் குறிப்பில் ஆங்கில வருஷம் கிடையாது. இரத்தாட்சி என்று மட்டும் இருக்கும். 60 வருஷச் சக்கரத்தில் அதே பேர் 1984இல் திரும்பி வந்தது. வெளியாள் பார்த்தால் எந்த இரத்தாட்சி என்று குழம்புவார். வீட்டில் உள்ளவர்களுக்குக் குழப்பம் வராது, வெள்ளம் ஒன்றுதானே.

வெள்ளத்தைப் பற்றி அவர் சொல்வதைக் கேட்டால் கண்ணால் பார்த்தது போலவே இருக்கும். ராத்திரியில் தண்ணீர் வந்தது, குதிருக்குள் புகுந்து விதைநெல் ஊறிப்போனது, கன்றுக்குட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயில் மேட்டுக்கு ஓடியது, அங்கே பாம்பும் மனுஷனும் ஒரே இடத்தில் ஒண்டிக்கொண்டு ஒன்றையொன்று சீண்டாமல் இருந்தது. ஒருநாள், "இதெல்லாம் நீங்க பாத்ததா, கேட்டதா?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "நான் அப்ப வயித்துல. மார்கழியிலதான் பொறந்தேன். எல்லாம் எங்கம்மா சொன்னது" என்றார். பிறகு, அம்மா மட்டும் சொல்லியிருக்கக்கூடிய ஒன்றைச் சொன்னார். ஊறிப்போன நெல்லை வீணாக்காமல் அவித்துத் தின்றார்களாம். முளைவாடை அடிக்கும். மசக்கைக்காரிக்கு அந்த வாடை குடலைப் புரட்டியிருக்கிறது. வேறு கதியில்லாமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்றிருக்கிறாள். கடைசி வரைக்கும் வீட்டில் நெல் அவிக்கிற நாளில் அந்த அம்மா கொல்லைப்பக்கம் வரமாட்டாளாம்.

பார்த்ததா, கேட்டதா என்ற கேள்வியை வயதானவர்களிடம் தயங்காமல் கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கேட்டது என்றால் யார் சொன்னது என்றும் கேளுங்கள். அங்கேதான் கதவு திறக்கிறது. பெரியப்பாயிக்குத் தன் பாட்டியை நன்றாக நினைவு உண்டு. அந்தப் பாட்டி தாது வருஷப் பஞ்சத்தில் 12 வயதுப் பெண். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையே சூறையாடிய பஞ்சம் அது. நிவாரண வேலைக்கு வருகிறவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவான தானியம் போதும் என்று பிரிட்டிஷ் அதிகாரி சர் ரிச்சர்ட் டெம்பிள் கணக்குப் போட்டதும், சென்னையில் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அந்தப் பஞ்ச வேலையாக வெட்டப்பட்டதும் புத்தகங்களில் இருக்கின்றன. பெரியப்பாயியின் பாட்டி சொன்னது வேறு. வானம் பார்த்த சீமையிலிருந்து நடந்து வந்தவர்கள் வாசலில் நின்றார்கள். சோறு கேட்கவில்லை. சோறு கேட்டால் விரட்டுவார்கள் என்று வழியில் கற்றுக்கொண்டிருந்தார்கள். வடிகஞ்சி இருந்தால் ஊற்றுங்கள் என்று மட்டும் கேட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். 1877இல் அந்தக் குரலைக் கேட்ட சிறுமிக்கும் எனக்கும் நடுவில் ஒரே ஒருத்திதான் இருந்தார். அந்த ஒருத்தி எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கி. ராஜநாராயணன் 'கோபல்ல கிராமம்' நாவலில் ஓர் ஊரின் பூர்வ கதையை நூறைத் தாண்டிய ஒரு பூட்டியின் வாயில் வைத்தாரே, அது கற்பனைக்காகச் செய்த ஏற்பாடு மட்டும் அல்ல. நம் ஊர்களில் சரித்திரம் அப்படித்தான் இருந்திருக்கிறது.

ஆனால் ஓர் ஊருக்கு ஒரு கிழவி போதாது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் ஊர்ச் சேரியில் பெரியப்பாயியின் வயதை ஒத்த இன்னொரு அம்மா இருந்தார். அவருக்கு ஜாதகம் கிடையாது. வாக்காளர் பட்டியலுக்குப் பேர் எழுத வந்தவர் ஆளைப் பார்த்து உத்தேசமாகப் போட்ட வயதுதான். 80 வருஷம் இரண்டு பேரும் ஒரே ஊரில் இருந்தார்கள். ஒருவர் வயலில் மற்றவர் நாற்று நட்டிருக்கிறார். ஒரே திண்ணையில் உட்கார்ந்தது இல்லை. அந்த அம்மாவிடமும் வெள்ளத்தைப் பற்றிக் கேட்டேன். அவருக்கும் தாய் சொன்ன கதைதான். "கோயில் மேட்டுக்கு எங்கள யாரு விட்டா? எங்க ஆளுவ கரையில இருந்த புளியமரத்துல ஏறிக் கிடந்தாங்களாம் ரெண்டு ராத்திரி" என்றார். அதே வெள்ளம், அதே ராத்திரி. கோயில் மேட்டின் கதையை மட்டும் கேட்டு வளர்ந்த எனக்குப் புளியமரத்தின் கதையையும் தெரிந்துகொள்ள அந்த அம்மா வேண்டியிருந்தது.

அவர் சொன்னதில் என்னால் மறக்க முடியாதது கூலி அளந்த விதம். கூலி நெல்லாகத்தான் கிடைக்கும். 12 மரக்கால் ஒரு கலம் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. "வாங்கறப்ப மரக்கால் நெறைய அளப்பாங்க, கோபுரமா நிக்கும். எங்களுக்கு அளக்கறப்ப அந்த ஆளோட நாலு வெரலும் மரக்காலுக்கு உள்ள இருக்கும்" என்று சொல்லி, தன் கையை மடக்கிக் காட்டினார். கட்டை விரல் வெளியே, நாலு விரல் உள்ளே. அந்த விரல்கள் அடைத்த இடத்தின் நெல் ஒரு பிடி இருக்குமா? ஒவ்வொரு மரக்காலுக்கும் ஒரு பிடி. தஞ்சைப் பண்ணையாள்களுக்கான பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்தது என்று படித்திருக்கிறோம். எதற்காக அது வேண்டியிருந்தது என்பதை அந்த மடங்கிய கையைப் பார்த்துத்தான் நான் புரிந்துகொண்டேன்.

"பழசையே பேசிக்கிட்டு இருக்காங்க" என்று வீடுகளில் சலித்துக்கொள்கிறோம். புத்தி தடுமாறுவதன் அறிகுறி என்றுகூட ஒருகாலத்தில் மருத்துவர்கள் நினைத்தார்கள். ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1963இல் ஒரு கட்டுரை எழுதி அந்த எண்ணத்தை மறுத்தார். முதுமையில் கடந்துபோன வாழ்க்கையைத் திரும்ப எடுத்துப் பார்ப்பது இயல்பானது, மனசுக்குத் தேவையான வேலை என்றார். திரும்பத் திரும்ப ஒரே கதை என்று தோன்றும். பொறுமையாகக் கேட்டால் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்று வந்து சேரும். நெல் அவிக்கும் வாடையைப் பெரியப்பாயி சொன்னது நான் அந்தக் கதையைப் பலமுறை கேட்ட பிறகுதான்.

கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. வயதாகும்போது காதில் முதலில் போவது கீச்சென்ற உயர்ந்த சத்தங்கள். அதனால்தான் கொள்ளுப்பேத்தி கத்துவது புரியாது, மகன் கட்டைக் குரலில் சொல்வது புரியும். 'வேண்டியது மட்டும் காதில் விழும்' என்று அவர்களைப் பழிப்பது அநியாயம். கத்தாதீர்கள். எதிரில், முகம் தெரிய உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி நிறுத்திப் பேசுங்கள். 'அந்தக் காலம் எப்படி இருந்தது?' என்று கேட்காதீர்கள். அந்தக் காலம் நல்ல காலம் என்று எல்லோரும் சொல்கிற பதில்தான் வரும். விளக்குக்கு என்ன எண்ணெய் ஊற்றினீர்கள், முதன்முதலில் செருப்பு போட்டது எப்போது, மசக்கையில் எதைத் தின்ன ஆசைப்பட்டீர்கள் என்று கேளுங்கள். கையில் ஒரு பழைய பாத்திரத்தைக் கொடுத்துவிட்டுக் கேட்டால் இன்னும் நல்லது.

கடைசியாக, நான் இப்போது குடியிருக்கும் தெருவில் உள்ள ஒரு பெரியவர். 94 வயது. ரங்கூனில் பிறந்தவர். அப்பாவுக்கு அங்கே அரிசி ஆலையில் வேலை. 1941 டிசம்பர் 23ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டபோது இவருக்குப் பத்து வயது. அதன் பிறகு பர்மாவை விட்டுப் புறப்பட்ட லட்சக்கணக்கான இந்தியர்களில் இவர் குடும்பமும் ஒன்று. கப்பலுக்குக் காசில்லை. எல்லை ஊரான தமு வழியாக மலையேறி மணிப்பூருக்கு நடந்தே வந்தார்கள். வழியில் காலராவிலும் பசியிலும் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

கல்லூரியில் படிக்கும் பேத்தி, தாத்தா சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்ய ஆசைப்பட்டாள். நானும் கூட உட்கார்ந்திருந்தேன். "எங்கேயிருந்து தாத்தா ஆரம்பிக்கலாம்?" என்றாள். "முதல்ல நோட்டு எடுத்துக்க. வழியில செத்தவங்க பேரை எழுதிக்க. பொழச்சவங்க கதை அப்புறம்" என்றார். பேர், அப்பா பேர், எந்த ஊர், எந்த இடத்தில் விட்டுவிட்டு வந்தோம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பெரியம்மா ஒருத்தர். ஆலையில் அப்பாவோடு வேலை பார்த்த அண்ணன் தம்பி இருவர். உப்பு மூட்டையைத் தூக்கி வந்த ஒருவர். மலையில் அந்த உப்புக்குத்தான் மதிப்பு, கொடுத்தால் அரிசி கிடைக்கும் என்று விளக்கினார். பிறகு, வழியில் பிறந்து நாலாம் நாள் இறந்த ஒரு குழந்தை. "அதுக்குப் பேர் வைக்கல. என் தங்கச்சின்னு எழுது" என்றார்.

அவள் எழுதியதை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒருமுறை படித்தார். ஓர் ஊர்ப் பேரைத் திருத்தினார். அதன் பிறகுதான் ரங்கூனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மொகல் தெருவில் செட்டியார்கள் கடைகள், ஆலைச் சங்கு ஊதுகிற நேரம், டிராம் வண்டியில் டிக்கெட் இல்லாமல் தொங்கிக்கொண்டு போய் அப்பாவிடம் வாங்கிய அடி. பேத்தி சிரித்துக்கொண்டே, "எந்தக் கையால அடிச்சாங்க?" என்று கேட்டாள். "இடது கை. அவர் இடதுகைக்காரர். இதை நீ முன்னாடியே கேட்டிருக்கலாம்ல" என்றார்.