ஊழல் என்னும் சொல்லும் ஓர் அறிஞரின் ஆய்வும்



ஊழலைத் தம் நெடுநாள் ஆய்வுப்பொருளாகக் கொண்ட அறிஞர் ஒருவர் நம்மிடையே வாழ்ந்தார். அவர் பேராசிரியர் சையத் ஹுசைன் அலாதாஸ். 1967 முதல் 1988 வரை சிங்கப்பூரில் மலாய் ஆய்வியல் துறைக்குத் தலைமையேற்றவர். பின்னர் மலாயாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கியவர். ஊழலின் சமூகவியல் பற்றி 1968இல் நூல் எழுதிய அவர், 1999இலும் அப்பொருள் பற்றியே எழுதினார்.

சொல்லின் பொருளை வரையறுப்பதில் அவர் பெரிதும் கருத்துச் செலுத்தினார். கையூட்டு, வற்புறுத்திப் பணம் பறித்தல், தகுதி நோக்காது வேண்டியவர்க்குப் பதவி அளித்தல் என ஊழலை மூவகையாகப் பகுத்தார். பொதுநலனைத் தன்னலத்திற்குக் கீழ்ப்படுத்துவதும், அதனை மறைத்துச் செய்வதும் மூன்றுக்கும் பொது என்றார்.

தமிழிலும் இத்தெளிவுக்கு இடமுண்டு. கையூட்டு என்பது ஒருவர் கைக்குச் சேரும் பொருளைச் சுட்டும். ஊழலோ, பதனழிதலைக் குறிக்கும் 'ஊழ்த்தல்' என்னும் வினையோடு உறவுடையது. கையூட்டு ஊழலின் ஒரு வகையே. ஆயினும் மாணவர் கட்டுரைகளில் இரண்டும் ஒன்றெனவே எழுதப்படுகின்றன.

இக்குழப்பத்தால் விளைவது யாது? பள்ளிக்கு நாற்காலிகள் வாங்க ஏலக்குத்தகை விடப்படுவதாகக் கொள்வோம். தமிழகத்தார் இதனை ஒப்பந்தப்புள்ளி என்பர். பொறுப்பாளர் தம் மைத்துனரின் நிறுவனத்திற்கு மட்டுமே பொருந்தும் நிபந்தனைகளை வகுக்கிறார், உறவையும் மறைக்கிறார். ஒரு வெள்ளியும் கைமாறவில்லை. கையூட்டை மட்டும் அறிந்த மாணவர், 'இதில் என்ன தவறு?' என்பார். ஊழலின் பொருளறிந்தவரோ, பொதுப்பணம் தவறான வழியிற் சென்றதைக் காண்பார்.

சிங்கப்பூரில் 1960இல் இயற்றப்பெற்ற ஊழல் தடுப்புச் சட்டமும் பணத்தோடு நின்றுவிடவில்லை. வேலைவாய்ப்பும் கடன் தீர்த்தலும் சலுகையும் கையூட்டாகலாம் என்கிறது. அரசாங்க ஏலக்குத்தகையிலிருந்து போட்டியாளர் விலகிக்கொள்ளக் கையூட்டுக் கொடுப்பதைத் தனிக் குற்றமாகவே வைத்துள்ளது.

ஆயினும் சட்டம் மட்டும் போதாது. தீய சட்டமும் தீய மனிதருமே சீர்கேட்டின் ஊற்றுகள் எனக் கருதிய 11ஆம் நூற்றாண்டுச் சீன அமைச்சர் வாங் அன்ஷியை அலாதாஸ் எடுத்துக்காட்டினார். சட்டத்தைத் திருத்துவது சட்டமன்றத்தின் கடமை. மனிதரை உருவாக்குவதில் நமக்கும் பங்குண்டு.

ஆகவே, ஆசிரியர்களே, மாணவர் 'ஊழல்' என்று எழுதும்போதெல்லாம் மூன்று வினாக்களைக் கேளுங்கள்: அது யாருடைய பணம்? யாரிடம் ஒப்படைக்கப்பட்டது? எது மறைக்கப்பட்டது? இவற்றுக்கு விடை எழுதப் பழகிய மாணவர், நாளை ஓர் அலுவலகத்தில் கையொப்பமிடும் முன்னும் அவற்றைத் தம்மிடமே கேட்பார் என நம்புகிறேன்.