தேறலும் தெளிவும்



மொழி வளர்க்கும் மேடையில் மதுவைப் பற்றிய உரையா என்று சிலர் வியக்கக்கூடும். அருந்துக என்று சொல்ல நாம் வரவில்லை. 18 வயது நிரம்பாதோருக்கு மது விற்பதை இந்நாட்டுச் சட்டம் தடுக்கிறது, அச்சட்டம் நன்று. நாம் பேச வந்தது சொற்களைப் பற்றியே.

அண்மையில் லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையை ஒட்டிய கடையொன்றில், ஸ்காட்லாந்து விஸ்கியும் பிரான்சு நாட்டுக் கொன்யாக்கும் இலங்கைத் தென்னஞ்சாராயமும் ஒரே தட்டில் அடுக்கப்பட்டிருக்கக் கண்டோம். உடன் வந்த முன்னாள் மாணவர் முதலிரண்டைப் பற்றியும் விரிவாகச் சொன்னார்: எந்த நிலம், எந்தத் தானியம் அல்லது கனி, எத்தனை ஆண்டு மரப்பீப்பாயில் இருந்தது என்றெல்லாம். மூன்றாவதைச் சுட்டி, "ஐயா, இது நம்ம ஊர்ச் சரக்கு" என்று முடித்துக்கொண்டார். அந்த ஒற்றைச் சொல்லே இவ்வுரைக்கு வித்து.

'சரக்கு', 'தண்ணி' என்னும் இரண்டும் இன்று நம் பேச்சில் எல்லா மதுவுக்கும் பொதுவாகிவிட்டன. எந்த மரம், எந்த மண், எவர் உழைப்பு என்பதை இவை சொல்வதில்லை. பிற மொழியினர் தம் வடிநீர்களுக்கு இட்ட பெயர்களை நோக்குவோம். விஸ்கி என்பது 'உயிர்நீர்' எனப் பொருள்படும் கேலிக் மொழித் தொடரின் சிதைவு. பிராண்டி என்பதன் மூலமான டச்சுச் சொல்லுக்கு 'எரித்த மது' என்பது பொருள். மெக்சிகோவின் மெஸ்கால், 'சுட்ட கற்றாழை' என்னும் நாவாட்டில் மொழிச் சொல்லிலிருந்து வந்தது. 2009இல் புவிசார் குறியீடு பெற்ற கோவாவின் முந்திரிப் பெனி, நுரையைக் குறிக்கும் கொங்கணிச் சொல்லோடு தொடர்புடையது. அரபு மொழியில் 'அரக்' என்றால் வியர்வை. கொதிகலத்து ஆவி குளிர்ந்து துளித்துளியாய் அரும்புவது வியர்ப்பதுபோல் இருந்தமையால் வடிநீருக்கு அப்பெயர் அமைந்தது. துருக்கியின் ராக்கி, மலாயின் ஆராக், ஆங்கிலத்தின் அர்ரக் யாவும் அதன் வழிவந்தவை. தொழிலை நேரிற் கண்டவர் வாயில் பிறந்த பெயர்கள் இவை.

தமிழில் இத்தகைய சொற்கள் இல்லையா? உண்டு. 'கள்' என்பது மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகியவற்றிலும் இனச்சொற்கள் உடைய பழந்திராவிடச் சொல். சங்க நூல்களில் நறவு, தேறல், தோப்பி, மட்டு, பிழி எனப் பல பெயர்கள் வருகின்றன. வீட்டில் நெல்லால் சமைத்தது தோப்பி. தெளிய வைத்தெடுத்தது தேறல். மூங்கிற் குழாயில் இட்டு முற்றவைத்த தேறலையும் அந்நூல்கள் குறிக்கின்றன. இவை நொதித்தவையே, வாலையில் வடித்தவை அல்ல. வடிக்கும் கலைக்கு உரிய சொற்களைச் சித்த மருத்துவம் காத்துத் தந்தது. வடிக்கும் கருவி வாலை. வடித்துப் பெறும் மருந்து தீநீர். ஓமத் தீநீரை அறியாத பாட்டிமார் இலர். 'எரித்த மது' என்று டச்சுக்காரர் சொன்னதையும் 'தீநீர்' என்ற நம் சொல்லையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தீயின் தொழிலை இருவரும் பெயரிலேயே பொதிந்து வைத்தனர்.

இனி அம்மூன்றாம் போத்தலுக்கு வருவோம். இலங்கையின் தென்மேற்குக் கரையில் தொழிலாளர் தென்னைகளின் உச்சிகளை இணைத்துக் கட்டிய கயிறுகளின் மீது, மரத்துக்கு மரம் வானத்திலேயே நடந்து செல்வர். விரியாத பாளையைக் கட்டி, தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவினால் சாறு கலயத்தில் சொட்டும். காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் நுண்ணுயிர்கள் உடனே வேலையைத் தொடங்கிவிடும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் நொதித்தல் தடைப்பட்டு இனிய பதநீராக நிற்கும். பூசாவிட்டால் சில மணி நேரத்தில் கள்ளாகும். கள்ளில் மதுசாரம் ஏறத்தாழ 5 முதல் 8 விழுக்காடு. மதுசாரம் 78 பாகை செல்சியசில் கொதிக்கும், நீர் 100இல் கொதிக்கும். இவ்வேறுபாடே வடித்தலின் அடிப்படை. முதலில் வரும் பகுதியையும் கடைசியில் வரும் பகுதியையும் விலக்கி, நடுப்பகுதியைப் பிரித்தெடுப்பதில் வடிப்பவரின் மூக்கும் நாவும் அனுபவமும் சோதிக்கப்படுகின்றன. அவ்வாறு எடுத்ததை ஹல்மில்ல மரத் தொட்டிகளில் முற்றவைப்பர். ஆங்கிலேயர் அம்மரத்தைத் திருகோணமலை மரம் என்றே வழங்கினர். இத்தனையும் அடங்கிய ஒன்றைத்தான் நம் மாணவர் ஒரு சொல்லில் கடந்தார்.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. 'சாராயம்' என்ற சொல்லுக்கு நேர்ந்த கதி அப்படி. இலங்கைத் தமிழில் அது உரிமம் பெற்ற வடிசாலையில் உருவான பண்டத்தின் பெயர். தமிழ்நாட்டிலோ அது கள்ளத்தனத்தின் பெயர், சாவின் பெயர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒரே சொல் பாக்கு நீரிணையின் இருகரையிலும் இருவேறு பொருள் தாங்கி நிற்கிறது.

நம் தீவின் நினைவும் இனிப்பானதன்று. காலனித்துவ ஆட்சியில் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் கள்ளுக்கடைகள் தமிழ்த் தொழிலாளரின் கூலியை விழுங்கின. மலிவான சம்சு மேலும் பல குடும்பங்களைச் சிதைத்தது. தமிழர் சீர்திருத்தச் சங்கம் குடிக்கு எதிராகக் குரல் எழுப்பியது. 1947இல் கெடாவில் தோட்டத்து இளைஞர்கள் தொண்டர் படையாகத் திரண்டு கள்ளுக்கடைகளை எதிர்த்தனர். 2013 டிசம்பரில் லிட்டில் இந்தியாவில் நிகழ்ந்த கலவரத்திற்குப் பின், 2015இல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அவ்வட்டாரம் மதுக் கட்டுப்பாட்டு மண்டலமாயிற்று. இவ்வரலாற்றை மறைத்துவிட்டுச் சுவையை மட்டும் போற்றுவோமானால் அது நம் முன்னோருக்குச் செய்யும் அநீதியாகும்.

ஆயினும் மற்றோர் அநீதியும் உண்டு. குடியை வெறுத்தபோது நாம் தொழிலையும் சேர்த்தே வெறுத்தோம். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை நிலவுகிறது. அங்கே ஆலை மதுவை அரசே விற்கிறது. பனையேறும் கைகள் குறையக் குறைய, பாளை அரிவாள், தளைநார், கலயம் முதலிய சொற்களும் வழக்கொழிகின்றன. ஸ்காட்லாந்திலும் குடியால் அழிந்த குடும்பங்கள் உண்டு. ஆனால் அங்கே தீமையைத் தடுக்கச் சட்டமும், தரத்தைக் காக்க வேறு சட்டமும் உள்ளன. குறைந்தது 3 ஆண்டு ஓக் பீப்பாயில் இராததை ஸ்காட்ச் என்று விற்க முடியாது. பெயரைக் காப்பதே அங்கு பொருளைக் காப்பதாகிறது.

இந்நகரிலும் அத்தகைய முயற்சி தளிர்த்திருக்கிறது. 2018இல் தொடங்கிய பிராஸ் லயன் வடிசாலை, புங்கா காந்தான் பூவும் செராயும் பம்பளிமாஸ் தோலும் சேர்த்து ஜின் வடிக்கிறது. நம் ஈரச்சந்தையின் மணங்களையே அது தன் முகவரியாகக் கொண்டது.

இறுதியாக ஒரு சொல்லாராய்ச்சி. தேறல் என்பது 'தேறு' என்னும் வினையடியாகப் பிறந்தது. தேறுதல் என்றால் தெளிதல்; ஆராய்ந்து உறுதி கொள்ளுதலும் அதுவே. தேர்வில் தேறினான் என்கிறோம், துயரத்திலிருந்து தேறினாள் என்கிறோம். மதுவுக்கும் மனத்தெளிவுக்கும் ஒரே வேரை வைத்த மொழி நம்முடையது. கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கிய வள்ளுவரும், தேறலுக்குப் பெயரிட்ட சங்கப் புலவரும் ஒரே மொழியின் மக்கள். அளவறிந்து, மூலமறிந்து, ஆக்கியவர் உழைப்பறிந்து சுவைப்பவருக்கு மது தேறலாகலாம். அறியாது விழுங்குபவருக்கு அது சரக்குதான். அருந்தாதவருக்கும் இந்த அறிவு உரியது. அதற்கு ஒரு துளியும் தேவையில்லை.

ஆசிரியர்களே, உங்கள் மாணவரை அவர்தம் தாத்தா பாட்டியிடம் அனுப்புங்கள். பனை, தென்னை, கலயம், வாலை பற்றிய சொற்களைக் கேட்டு எழுதிவரச் செய்யுங்கள். கள்ளுக்கடை தந்த துயரக் கதைகளையும் அவர்கள் எழுதிவரட்டும். இரண்டும் ஒரே ஏட்டில் இருக்கவேண்டும். அப்போதுதான் அடுத்த தலைமுறை அந்தப் போத்தலைப் பார்க்கும்போது அதன் மரத்தையும் மனிதரையும் பெயர் சொல்லி அழைக்கும்.