வாடகை வீடும் வெள்ளக் காப்பீடும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

நம் மலைவாழ் சகோதரர்களில் சிலருக்குச் செம்மேட்டிலும், கீழே சேந்தமங்கலம், நாமக்கல் போன்ற ஊர்களிலும் வாடகைக்கு விட்ட வீடுகள் உண்டு. வளைகுடாவில் ஈட்டிய பொருளைச் சென்னைப் புறநகரில் வீடாக்கி வைத்தவரும் உளர். முதுமையில் அவ்வாடகையையே நம்பியிருக்கும் பெரியவர்களை நாம் அறிவோம். அவ்வீட்டில் வெள்ளம் புகுந்தால் இழப்பு யாரைச் சேரும் என்பதையே இன்று பேச விழைகிறோம்.

"மலைமேல் இருப்போருக்கு வெள்ளம் ஏது?" என்பர் சிலர். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது சென்னையில் தரைத்தள வீடுகள் மூழ்கியதையும், 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதையும் கடலோரத்துச் சங்கதி என்று ஒதுக்கலாம். ஆனால் 2024 ஃபெஞ்சல் புயலில், கடலுக்கு வெகு தொலைவிலுள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. பெய்தது. அதே புயல் மழையில், டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மண் சரிந்து வீடு ஒன்று புதையுண்டு எழுவர் மாண்டனர். மலையில் நீர் தேங்குவதில்லை. மண்ணையும் பாறையையும் இழுத்துக்கொண்டு இறங்குகிறது.

2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசி நடைமுறையில் உள்ளது. வெள்ளம், நீர் சூழ்தல், நிலம் தாழ்தல், மண்சரிவு, பாறைச்சரிவு ஆகியவை அதில் அடக்கம். மனையின் விலை அதில் சேராது. கட்டடத்தை மீண்டும் எழுப்பும் செலவே காப்புத் தொகை. வெள்ளத்தால் வீடு குடியிருக்கத் தகாததாகிவிட்டால், பழுதுபார்க்கும் காலத்து வாடகை இழப்புக்கும் அதில் இடமுண்டு. இதைக் கேட்டுப் பெறுவோர் குறைவு. பெற வேண்டுமானால் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் நலம். நம்மில் பலர் வாய்ச்சொல்லில் வீடு விடுகிறோம். நகர்ப்புறங்களில் எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்று 2019 முதல் நடைமுறையிலுள்ள தமிழக வாடகைச் சட்டமே கூறுகிறது.

விலக்குகளையும் அறிய வேண்டும். குறைபாடான கட்டுமானத்தாலோ, மண்ணைத் தோண்டியதாலோ நிலம் சரிந்தால் இழப்பீடு இல்லை. வீட்டின் பின்புறம் சரிவை வெட்டிக் கூடுதல் அறை எழுப்பும் வழக்கமுடையோர் இதைக் கவனிக்கவும். ஆற்றரிப்புக்கும் காப்பு இல்லை. கடைகளாக விட்ட கட்டடத்திற்கு இப்பாலிசி பொருந்தாது. அதற்கு வேறு பாலிசி உண்டு.

குடியிருப்பவரின் கட்டில், தையல் இயந்திரம், பிள்ளைகளின் புத்தகங்கள் ஆகியன உரிமையாளரின் பாலிசியில் சேரா. "வீட்டுக்காரர் இன்ஷூரன்ஸ் போட்டிருக்கிறார், நமக்கென்ன" என்று அவர் நம்பியிருப்பார். அது தவறு என்பதைச் சாவியைக் கொடுக்கும் நாளிலேயே சொல்லிவிடுவது உரிமையாளரின் கடமை.

இன்னொன்று. வீட்டின் பயனை அனுபவிப்பதற்கு ஈடாகவே வாடகை பெறப்படுகிறது என்பது இஜாராவின் அடிப்படை. இடுப்பளவு நீர் நின்று, குடியிருந்தவர் பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்தில் தங்கிய நாட்களுக்கும் வாடகை கேட்பது எவ்வகையிலும் முறையன்று. முன்பணத்தில் கழித்துக்கொள்வதும் அதே கேட்பு தான். அந்நாட்களின் இழப்பு உரிமையாளருடையது. அதனைத் தாங்கவே வாடகை இழப்புக் காப்பு பயன்படுகிறது.

காப்பீடு கூடுமா என்ற வினா எழும். 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி வணிகக் காப்பீட்டை மறுத்து, ஒத்துழைப்பு முறைக் காப்பீட்டை ஏற்றது. இலங்கையிலும் மலேசியாவிலும் தகாஃபுல் நிறுவனங்கள் உள்ளன. நம் நாட்டில் வீட்டுக்கு அவ்வழி எளிதாய்க் கிட்டுவதில்லை. எனவே இங்குள்ள நிலையைக் கருதி அனுமதித்த உலமாக்களும் உளர், தவிர்த்தோரும் உளர். அவரவர் தம் நம்பிக்கைக்குரிய ஆலிமிடம் கேட்டு நடக்கட்டும். காப்பீடு எடுக்காதவர் பழுதுபார்க்க ஒரு தொகையை வாடகையிலிருந்தே ஒதுக்கி வைக்கட்டும்; குடியிருப்பவரின் தலையில் அதைச் சுமத்த வேண்டாம்.

சேதம் நேர்ந்தால் சுத்தம் செய்யும் முன் படம் எடுங்கள். நிறுவனத்திற்கு உடனே தெரிவியுங்கள். சர்வேயர் பார்க்கும் வரை நனைந்த கதவையும் எறிந்துவிடாதீர்கள். கோரிக்கை அநியாயமாக மறுக்கப்பட்டால் சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மனிடம் கட்டணமின்றி முறையிடலாம். பாலிசி ஆங்கிலத்தில் இருந்து புரியாதவர்கள் இஷாவுக்குப் பின் ஜமாஅத் அலுவலகத்திற்குக் கொண்டு வாருங்கள். படித்த இளைஞர்கள் வாசித்துச் சொல்வார்கள். வங்கிக் கடனுக்காக எடுத்த பாலிசி எனில் அதன் நகலை வங்கியில் கேட்டு வாங்கி வாருங்கள்.